தொப்பி இல்லாத அதிகாரி

“நான் பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு, சோதனைக்கு வந்த அரசாங்க அதிகாரியையே அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி பெஞ்சுல உட்கார வெச்சா” என்றாள் டல்சி.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊர் முதியோர் கிளப்பில் நாற்காலிகள் உருள்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சென்ற வாரம்தான் சேர்ந்த கிளைவ் மட்டும் சிரிக்கவில்லை. “ஒருநாளும் நடந்திருக்காது” என்றார்.

“கேளுங்க கிளைவ். அவர் கையெழுத்து இல்லேன்னா அன்னிக்கே பூட்டணும், என் ஏழு வருஷ உழைப்பு அவ்வளவுதான். மைதானத்துக்கோ பின்பக்கம் வேலியே கிடையாது. மனுஷன் நேரா அங்கதான் நடந்தார். அந்த வாண்டு மறிச்சுட்டா. ‘தொப்பி எங்க? தொப்பி இல்லேன்னா வெயில்ல போகக் கூடாது. நிழல்ல உட்காருங்க.’”

“அதிகாரியும் கைகட்டி உட்கார்ந்துட்டாராக்கும்.”

“மணி அடிக்கிற வரைக்கும். அப்புறம் ‘பள்ளியில் ஒழுக்கம் அபாரம்’னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டுப் போனார்.”

“இருபது வருஷமா இதே புளுகு” என்று அடுத்த மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடியும் சிரிப்பு. டல்சியின் முகம் சுண்டிப்போனது. இந்தக் கதையை இதுவரை ஒருத்தர்கூட நம்பியதில்லை.

கிளைவ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நடந்ததுதான்” என்றார் தணிந்த குரலில். “ரெண்டு தடவை பெஞ்சுலேருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். அவ விடலை.”