சிவப்பு மை

"யார் பிரிண்ட் எடுக்கச் சொல்றாங்களோ, செலவு அவங்க தலையில. அதுதான் நியாயம்," என்றார் டிசைன் ஆபீஸ் மேனேஜர். "இந்த மாசம் சிவப்பு மையை மொத்தமா குடிச்சது யாரு?"

டிசைனர்கள் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கணக்கு பார்க்கும் பெண் தொண்டையைக் கனைத்தாள்.

"ஒரே வேலைதான் சார். சிவப்பு சரியா வரலைன்னு திரும்பத் திரும்ப எடுத்திருக்காங்க."

"எடுக்கச் சொன்ன ஆள் சம்பளத்துல பிடிச்சுடும்மா. தயவு தாட்சண்யமே வேண்டாம். என்ன வேலை அது?"

அவள் மேனேஜரின் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள். பிரிண்டர் பக்கத்திலேயே நின்று அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிவப்பில், பளிச்சென்று ஒரு போஸ்டர்: 'பிரிண்ட் எடுக்குமுன் யோசியுங்கள்.'

மேனேஜர் யோசித்தார்.

"சரி, இந்தக் கணக்கை அடுத்த மாசத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."