சிவப்பு லாரி கிளம்பியது

பட்டறைக்குப் பின்னால் ஒரு சிவப்பு லாரியும் ஒரு பச்சை லாரியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒரே மாடல். ஒரே குவாரியில் ஒன்றாக ஜல்லி சுமந்தவை. இப்போது இரண்டும் ஓடவில்லை.

ஒருநாள் மெக்கானிக் மிக்கேல் இரண்டையும் சுற்றிப் பார்த்தார். "இந்த மாடலுக்குப் புது சாமான் கிடைக்காது. ஒண்ணைப் பிரிச்சுத்தான் ஒண்ணை ஓட்டணும்," என்றார். பச்சை லாரியின் அடிச்சட்டமான சேஸ் விரிசல் விட்டிருந்தது. அதனால் சிவப்பைத் தேறவைப்பது என்று முடிவானது.

"உன்னைப் பிரிச்சு நான் ஓடணுமா? எனக்கு வேண்டாம்," என்று சிவப்பு அழுதது.

"ரெண்டு பேரும் துருப்பிடிச்சுச் சாகணுமா? நீயாவது ரோட்டைப் பாரு," என்றது பச்சை.

முதலில் பச்சையின் டீசல் பம்ப் சிவப்புக்குப் போனது. பிறகு ரேடியேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் சிவப்பு, "வலிக்குதா?" என்று கேட்டது. கியர் பாக்ஸைக் கழற்றியபோது கேட்க மறந்துவிட்டது. டயர் மாட்டிய பிறகு, மலைப்பாதை ஏறப்போவதைப் பற்றியே பேசியது. பச்சை 'ம்' கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் மிக்கேல் சாவியைத் திருப்பினார். சிவப்பு கரும்புகை கக்கி, இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"ஓடுதுடா! பாத்தியா, ஓடுது!" என்று கத்தியது.

"பாத்தேன். இந்தப் பக்கம் வந்தா ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போ. அது போதும் எனக்கு," என்றது பச்சை.

இன்ஜின் சத்தத்தில் சிவப்புக்கு எதுவும் கேட்கவில்லை. "சரி, சரி!" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனது.

அது சம்மதித்துவிட்டது என்றே பச்சை நம்பியது.