குட்டை முடிப் பெண்கள்

மதிய வெயில் டிவித் திரையில் விழுந்து எழுத்துகளைக் கரைக்கிறது. தலைக்குக் குளித்து வந்தவள் திரையருகே நின்று, தன் நிழலால் வெயிலை மறைத்துப் படிக்கிறாள். ‘குட்டை முடிப் பெண்கள் தனியே கடல் கடக்கும் படங்கள்.’ படம் பார்க்கும் ஆப்பில் கணவனின் பெயரிலுள்ள பக்கத்தில், அது அவனுக்கென்று சிபாரிசு செய்த முதல் வரிசையே அதுதான். படத்துக்குப் படம், கழுத்து தெரிய முடி வெட்டிய ஒருத்தி காற்றைப் பார்த்துச் சிரிக்கிறாள். இவளுடைய இடுப்பைத் தாண்டிய கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்குகிறது. இவளோடு உட்கார்ந்தால் படத்தின் பெயர் போடும் முன்பே குறட்டை விடுகிறவன், பின்னால் நின்று சட்டைக்கு இஸ்திரி போடுகிறான்.

“இதெல்லாம் எப்பப் பாத்தீங்க?”

“அதுவா எதையாவது போடும். எனக்கென்ன தெரியும்.”

“நீங்க பாக்காம அதுக்கு எப்படித் தெரியும்?”

இஸ்திரிப் பெட்டி காலரிலேயே நின்றுவிடுகிறது. சூடேறிய துணியின் வாசனை எழுகிறது. அவள் ரிமோட்டை அழுத்துகிறாள். ஒருத்தியின் முகம் பெரிதாகி, அதன் கீழே பச்சை எழுத்து வருகிறது: ‘உங்களுக்கு 97% பொருத்தம்.’ அவள் கூந்தலைத் துண்டோடு சேர்த்து முறுக்கிப் பிழிகிறாள்.

“நமக்குப் பொருத்தம் பாத்தவரு, பரவாயில்லன்னுதானே சொன்னாரு.”