மூன்றாம் பாடம்

"இண்டைக்கும் எழுதியிருக்கிறா, பாருங்க!" றிம்ஸியா கைபேசியைக் கணவனுக்கு முன்னால் நீட்டினாள்.

'இந்த மூன்றாம் பாடம் பிழை. தயவுசெய்து எடுத்து விடுங்கோ தம்பி. – விமலேஸ்வரி, ஓமந்தை.'

முன்ஸிர் வாசித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு மாதமாக நாள் தவறாமல் இதே வரிகள்.

பழைய வால்வ் அம்பிளிபயர் எனும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பற்றித் தமிழில் படிக்க ஒன்றுமில்லை என்பது அவனுடைய நெடுநாள் கவலை. ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் போட்டோப் பிரதியை அகராதியோடு வைத்து, இரண்டு வருடம் மல்லுக்கட்டி விளங்கிக்கொண்டான். பிறகு நெளுக்குளத்து வீட்டுக் குசினி மேசையில் அம்பிளிபயரைத் திறந்து வைத்து அவன் பாடம் சொல்ல, றிம்ஸியா போனில் படம் பிடித்து யூடியூப்பில் போட்டாள். ஏழு பாடம் போட்டாயிற்று. மூன்றாவதைத்தான் கூடுதலான பேர் பார்த்திருந்தார்கள்.

"எது பிழையெண்டு கேட்டீங்களா?"

"மூண்டு தரம் கேட்டுட்டன். பதிலில்ல. எனக்கு வெறுத்துப் போச்சு புள்ள. எல்லாத்தையும் அழிச்சுப்போடப் போறன்."

"ரெண்டு வருசக் கஷ்டத்தையா? அவவுக்குப் பாடத்தில பிழையில்ல. உங்கட பேர்லதான் பிழை. ஒரு முஸ்லிம் படிப்பிக்கிறது அவவுக்குப் பொறுக்கேல்ல."

"சும்மா இரு."

றிம்ஸியா சும்மா இருக்கவில்லை. நம்பர் கேட்டு எழுதினாள். உடனே வந்தது. எடுத்துப் பேசினாள்.

"நான் முன்ஸிர்ட மனிசி. நேர்ல வந்து கதைக்கோணும்."

"வாங்கோ பிள்ளை. ஆனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

பார்த்தீர்களா கொழுப்பை! அவன் வாசலில் நிற்கவும் ஆகாதாம்.

அடுத்த நாள் பத்து மணி பஸ்ஸில் ஓமந்தையில் இறங்கினாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை றிஸ்பா.

விமலேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டா. தேத்தண்ணி வைக்க எழும்பினவவை றிம்ஸியா மறித்தாள்.

"தேத்தண்ணி வேணாம். நாங்க முஸ்லிம் எண்டதாலதானே இப்பிடி எழுதுறீங்க?"

அந்த அம்மா திகைத்துப் போனா. "ஐயோ, அப்பிடியில்லைப் பிள்ளை!" அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினா.

உள்ளே முழுவதும் முன்ஸிரின் பாடங்கள். வால்வின் படம், கம்பிகளின் நிறம், இடையில் அவன் விடுகிற பகிடிகள்கூட. மூன்றாம் பாடத்தோடு எழுத்து நின்றிருந்தது. மிச்சம் வெறும் தாள்.

"இவ்வளவு வடிவா எழுதிப் படிச்சிட்டு, மற்றவங்க படிக்கக்கூடாதெண்டா என்னம்மா நியாயம்?"

"எழுதினது நானில்லை. என்ர மகள் வினோஜா. பழைய இரும்புக் கடையில ஒரு பெட்டியைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். இதைப் பாட வைக்காமல் விடமாட்டன் எண்டு நிண்டவள்."

"அவ எங்க?"

விமலேஸ்வரி கொப்பியின் கடைசி வரியை விரலால் தொட்டா. 'பிளக்கைக் கழற்றிய பிறகு மூடியைத் திறக்கவும்.'

"சொன்ன மாதிரியே கழட்டிப்போட்டுத்தான் திறந்தவள். கழட்டினாலும் உள்ளுக்குக் கப்பாசிற்றரில கறண்ட் தங்கி நிக்குமாம். கை வைக்க முதல் அதை இறக்கோணுமாம். செத்தவீட்டுக்கு வந்த ஒராள்தான் சொன்னவர்."

றிம்ஸியா கொப்பியை மெல்ல மூடினாள்.

"அவளின்ர முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச கையோட எழுதத் தொடங்கினனான். இன்னும் ஆரின்ரையோ பிள்ளை பாத்துச் செய்துபோடும் எண்டு பயம்."

"அப்ப... என்ன நடந்ததெண்டு எழுதியிருக்கலாமே அம்மா?"

"எழுதினால் தம்பி பிறகு எப்பிடி நித்திரை கொள்ளும்? வேணுமெண்டு விட்ட பிழையே அது? அந்தப் பாடம் முடியேக்க ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேக்கும். தகப்பன்காரன் எண்டு விளங்கிச்சு. இதைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை." விமலேஸ்வரி குனிந்து றிஸ்பாவின் தலையைத் தடவினா. "நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டால் காணும்."

றிம்ஸியா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

தன் குரலைத் தானே கேட்க வெட்கமென்று முன்ஸிர் அந்த வீடியோக்களைப் பார்ப்பதேயில்லை. சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதென்றே நம்பிக்கொண்டிருக்கிறான்.

"அவர் சொன்னவர் அம்மா," என்றாள், தரையைப் பார்த்தபடி. "பெட்டிக்குள்ள குனிஞ்சுகொண்டு, 'இனித்தான் முக்கியம், கப்பாசிற்றரைத் தொட முன்னம்...' எண்டு தொடங்கினவர். அந்த நேரம் பார்த்து இவ அழுதா. அவர் நிமிராமல் மிச்சத்தையும் சொல்லி முடிச்சவர். போனை நிப்பாட்டிப்போட்டு எழும்பி ஓடினது நான்தான்."