பாயில் இறந்தவர்

கோட்டை வாசலுக்கு மேலிருந்த அறையில் இறந்துபோன பாளையக்காரரை எப்படிக் கீழே இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரிகள் ஒவ்வொருவராகத்தான் ஏறிவர வேண்டும் என்று அவருடைய முப்பாட்டன் படிக்கட்டை ஒடுக்கமாக, சுருள்சுருளாகக் கட்டியிருந்தார். உயிருள்ள ஆள் உடம்பை நெளித்து ஏறலாம். விறைத்த உடல் அந்தத் திருப்பங்களில் திரும்பாது. அந்தக் குலத்தில் மற்ற எல்லோரும் போர்க்களத்தில் செத்தார்கள். பாயில் படுத்துச் செத்தவர் இவர்தான் முதல்.

“முழங்காலை ஒடிச்சு மடக்கிரலாம் தாயி. வேற வழியில்ல,” என்றார் காரியக்காரர் அழகப்பன்.

“உசுரோட இருந்தப்பவே வளையாத மனுசன். இப்பவா வளையப்போறாரு?” என்றான் பாடை தூக்க வந்த சடையன்.

மகள் உலகநாச்சி சிரிக்கவில்லை. “ஐயாவோட எலும்பு ஒண்ணுகூட ஒடியக் கூடாது,” என்றாள்.

அறை நடுவில், முற்றுகைக் காலத்தில் எண்ணெய் காய்ச்சிக் கீழே ஊற்றிய இரும்புக் கொப்பரை கிடந்தது. அவள் அதன் வாயைக் கைகளை விரித்து அளந்தாள். விரித்த கைகளோடு படிக்கட்டுக்குப் போனாள். இரண்டு பக்கமும் சுவர் இடித்தது.

“அப்ப இது எப்பிடி மேல வந்துச்சு?”

கொப்பரையை நகர்த்தினார்கள். அதன் அடியில் தரைக்கல் இல்லை, அகலமான தேக்குப் பலகை இருந்தது. அதைப் பெயர்த்ததும் வாசலின் வெளிச்சம் மேலே வந்தது. அந்தப் பலகையோடு அவரைச் சேர்த்துக் கட்டி, உத்தரத்தில் கயிறு போட்டு, நின்ற வாக்கிலேயே வாசலில் இறக்கினார்கள்.