கரண்டு போன படம்

மாமனார் ஆசை ஆசையாய் வாங்கிச் சேர்த்த சினிமா டிவிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, புது மருமகள் பிளெஸ்ஸியின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு படமும் ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டர் அதற்குப் பெயர் கேட்டது. உறையில் இருந்த பெயரைத் தட்டப்போனால் மாமியார் விடவில்லை.

"அப்படிப் போட்டா நாங்க எப்படித் தேடுவோம்? அது நாங்க பாக்கும்போது கரண்டு போன படம்லா."

அடுத்தது, மாமியாரின் தம்பி கட்டிலோடு விழுந்த படம். அதற்கடுத்தது, பிளெஸ்ஸியின் கணவன் சின்ன வயதில் அழுதுவிட்டுக் கண்ணில் தூசி என்று சாதித்த படம். வீடே சிரித்தது. பிளெஸ்ஸியும் சிரித்தாள். ஆனால் எந்தப் பெயரிலும் அவள் இல்லை.

அடியில் பிரிக்காத டிவிடி ஒன்று கிடந்தது.

"இதுக்கு என்ன பேரு அத்தை?"

"பாக்காத படத்துக்கு ஏது பேரு? போடு, பாப்போம்."

எல்லோரும் காபியோடு உட்கார்ந்தார்கள். பாதிப் படத்தில் பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயிலிருந்த காபி மாமனாரின் வெள்ளை வேட்டியெல்லாம் தெறித்தது. மாமனார் வேட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஈர வேட்டியோடு எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் துழாவினார்.

"ஏம்மா, உன் பேர்ல வர்ற அந்த ஸ் இதுல எங்க இருக்கு?"