தண்ணீர் போகிற பக்கம்

"இந்த பிளேடை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாமோல்லியோ?"

ஹாலில் கிச்சா கேட்டது, அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்த காமாக்ஷியின் காதில் விழுந்தது. ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மந்தைவெளியில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு டிராக்டருக்குச் சாமான் வாங்குகிற மனிதர் அநேகமாகக் கிச்சா ஒருவராகத்தான் இருப்பார். பாங்கில் ரிட்டயர் ஆன கையோடு ஏலகிரியில் ஒரு வீடு வாங்கினார். கேட்டிலிருந்து வீடு வரைக்கும் நெட்டுக்குத்தாக ஏறும் சரளைக்கல் பாதை. ஒரு மழை பெய்தால் போதும், போட்ட சரளையெல்லாம் உருண்டு கீழே வந்துவிடும். அதைச் சரிபண்ணவென்று ஒரு மினி டிராக்டரும் வாங்கியாயிற்று. இப்போது அதன் பின்னால் மாட்ட ஒரு கருவி வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்திருந்த யாசிர், டேப்லெட்டில் படம் காட்டிப் பொறுமையாக விளக்கினார். முதலாவது ரேக். சீப்பு மாதிரி பல் வைத்தது. உதிரிக் கல்லை மேலாக வாரும், அவ்வளவு ஏற்றத்துக்கு அது காணாது. அடுத்தது பாக்ஸ். கீழே உருண்டுபோன சரளையை அள்ளிக்கொண்டு மேலே இழுத்துவந்து பரப்பிவிடும். பாதை பழையபடி ஆகிவிடும், தண்ணீர் மட்டும் வழக்கமாகப் போகிற பக்கமே போகும். இன்னொன்றுதான் இந்த பிளேடு. இதைத் திருப்பலாம், சாய்க்கலாம். பாதையையே ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

"ஏத்தமான பாதைக்கு எல்லாரும் பாக்ஸ்தான் சார் எடுக்கறாங்க," என்றார் யாசிர்.

"எனக்கு பிளேடுதான் வேணும்," என்றார் கிச்சா.

காமாக்ஷிக்குப் புரிந்துவிட்டது. கிச்சாவின் மனசில் இருப்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கணக்கு ஒருதரம்கூடத் தப்பியதில்லை என்பது அவள் கட்சி.

அந்தப் பாதைக்கு வலப்பக்கம், கொஞ்சம் பள்ளத்தில், தனபாலன் வீடு. தி.நகரில் இருந்த கடையை விற்றுவிட்டு, மனைவி தேவானையோடு மலையிலேயே தங்கிவிட்டவர். மழைத்தண்ணீர் வழக்கமாகப் போவது அவர் வீட்டுப் பக்கம்தான். போன மழையில் தண்ணீர் உள்ளே நுழைந்ததும் தனபாலன் விறுவிறுவென்று மேலே ஏறிவந்து, நாலு பேர் பார்க்க, "ஸ்கூட்டரே நேரா ஓட்டத் தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா டிராக்டர்?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கிச்சாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் டிராக்டர் ஓட்டுகிற அழகை மட்டும் சொல்லக் கூடாது.

மனைவிமார் இருவரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். முந்தாநாள்கூட தேவானை அழாத குறை.

"அடுப்படி வரைக்கும் செம்மண் தண்ணி மாமி. சுவரு ஊறிப்போய் நிக்குது. இன்னொரு மழை தாங்குமான்னு தெரியலை."

தான் பார்த்துக்கொள்வதாகக் காமாக்ஷி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இங்கே இவர் பிளேடு வாங்குகிறார்.

ஹாலுக்கு வந்து காபி டம்ளரை டீப்பாயில் ணங்கென்று வைத்தாள்.

"மூணாம் மனுஷா இருக்காளேன்னு பார்க்கறேன், இருந்தாலும் கேட்டுடறேன். பாதையை இன்னும் நன்னா அந்தப் பக்கம் சாய்ச்சு அவா வீட்டையே அடிச்சுண்டு போகப் பண்ணணும், அதானே? ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டார்ங்கறதுக்காக ஒரு குடும்பத்தைத் தண்ணியில தள்ளுவேளா?"

கிச்சா ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. பக்கத்து வீடு என்றால் என்ன, நமக்கு நாலு காசு நஷ்டம் வந்தாலும் அடுத்தவர் குடி கெடக் கூடாது என்பது அல்லவா மனுஷத்தனம் என்று விளாசித் தள்ளினாள். கோயில் உபன்யாசத்தில்கூட இவ்வளவு கோர்வையாக யாரும் பேசிவிட முடியாது. யாசிர் தலையை நிமிர்த்தாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்தபோது காமாக்ஷிக்குத் தன்னை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

"ஆச்சா?" என்றார் கிச்சா. "அந்தப் பக்கம் போறதுக்கு பிளேடு எதுக்குடி? தண்ணி இப்பவே அங்கதானே போயிண்டிருக்கு. அதை நம்ம பக்கம் திருப்பத்தான் இவர்கிட்ட வழி கேட்டுண்டிருக்கேன். பேசினது பேசிட்டான். அதுக்காக அவன் சுவர் இடிஞ்சு விழறதைப் பார்த்துண்டு நிக்க முடியுமா?"

இந்த மனுஷரையா இத்தனை பேச்சுப் பேசினோம் என்று காமாக்ஷிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதேங்கோ. ஆமா, நம்ம பக்கம்னா எது வழியாப் போகும்?"

"உன் தோட்டம் வழியாத்தான். வேற இடமேது? ரோஜாப் பாத்தி தாங்காது. முல்லைப் பந்தலையும் எடுத்துட வேண்டியதுதான்."

அந்தப் பாத்தியும் பந்தலும் காமாக்ஷி தன் கையால் போட்டவை. மாதாமாதம் இடுப்பு வலியோடு அவள் மலை ஏறுவதே அதற்காகத்தான்.

காமாக்ஷி மெதுவாக யாசிர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, ஏத்தத்துக்கு எல்லாரும் பாக்ஸ்தான் எடுக்கறான்னு சொன்னேளே, எங்களுக்கும் அதையே போட்டுடுங்கோ."